கார்வை அடங்கும் வரை

மூச்சை இழுத்தது விஷ்ணுப்ரியா இல்லை.

பாட்டின் கடைசி வரி முடிந்ததும் மனசுக்குள் நாலு எண்ணும் வரை மூச்சு விடக்கூடாது, அசையக்கூடாது, எச்சில்கூட விழுங்கக்கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். குரல் நின்றாலும் அதன் கார்வை ஹெட்ஃபோனுக்குள் அலைந்து அலைந்து அடங்க வேண்டும். அது அடங்கிய பிறகுதான் பாடினவளுக்கு மூச்சு. வளையல்களைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, தாலிச்சரடைக் கைக்குட்டையில் சுற்றி ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, கும்மிருட்டில் மைக்குக்கு ஒரு சாண் தள்ளி நின்று, அவள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டிருந்தாள். மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில், வலது காதுக்குப் பக்கத்தில், ஒரு பெண் மூச்சை உள்ளே இழுத்தாள். தூங்குகிறவள் மூச்சில்லை, ஓடி வந்தவள் மூச்சில்லை. அடுத்த வரியை எடுக்கப் போகிற பாட்டுக்காரியின் மூச்சு.

வரி வரவில்லை. இழுத்த மூச்சு இழுத்த இடத்திலேயே நின்றது.

"அசைஞ்சுட்டே" என்று ஹெட்ஃபோனுக்குள் புருஷன் ஹரிநாராயணனின் குரல் வந்தது. கோபமே இல்லாத, பஞ்சில் பொதிந்த குரல். "முதல்லேர்ந்து எடு."

"ஏன்னா, யாரோ மூச்சு விட்டா. என் காதண்டை."

"நீதான் விட்டிருப்பே."

"நான் அடக்கிண்டுன்னா நிக்கறேன்!"

வெளியே இரும்புப் பட்டை விலகுகிற சத்தம் கேட்டது. கதவு திறந்தது. கூடத்து வெளிச்சம் முகத்தில் அடித்ததும் அவளுக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. ஹரிநாராயணன் அவளைக் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்த்தி, இப்போது பதிந்ததைப் போட்டுக் காட்டினான். பெட்டிக்குள் இருந்து பாடுகிற மாதிரி வறண்ட குரல். கடைசி வரி. பிறகு ஒன்றுமில்லை. நாலு எண்ணிக்கைக்கும் ஒன்றுமே இல்லை.

"கேட்டியா? இந்தக் கார்வை, ரிவர்ப், உன் காதுக்கு மாத்திரமாக்கும். உனக்குப் பாட ஒரு சுகத்துக்கு. உள்ளே பதியறது வெறும் குரல். வெறும் குரல்லே யார் மூச்சும் இல்லே. போறுமா?"

போதும் என்று தலையை ஆட்டினாள். ஆனால் கேட்டது கேட்டதுதான்.

அந்த அறையைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மேலே நடந்தது விளங்காது. கோட்டைக்குள், கோவிலுக்குப் பக்கத்துத் தெருவில் வரிசையாகச் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் ஒன்று அது. அறை ஒரு காலத்தில் அரிசியும் புளியும் கொட்டி வைத்த உக்கிராணம். நாலடிக்கு ஐந்தடி. ஜன்னல் இருந்த இடத்தைச் செங்கல் வைத்து அடைத்தாயிற்று. நாலு சுவருக்கும் கூரைக்கும் பஞ்சு மெத்தைகளை நிறுத்தி ஆணி அடித்திருந்தான் ஹரிநாராயணன். பழவங்காடியில் தேங்காய் உடைகிற சத்தம், கிழக்கேகோட்டை பஸ் ஹாரன், எதிர்வீட்டு மிக்ஸி, எதுவும் உள்ளே வராது. உள்ளே இருப்பதும் வெளியே போகாது. மின்விசிறி ஓடினால் இரைச்சல் பதியும், விளக்கு எரிந்தால் அதுவும் இரையும். ஆகவே இரண்டும் இல்லை. தேக்குக் கதவு கடல் ஈரத்தில் ஊதிப் போய், சும்மா சாத்தினால் விரற்கடை திறந்தே நிற்கும். வெளியிலிருந்து இரும்புப் பட்டையைப் போட்டால்தான் பொருந்தும். உள்ளே தாழ்ப்பாள் கிடையாது. உக்கிராணத்துக்கு உள்ளே தாழ்ப்பாள் யார் வைப்பார்கள்?

மத்தியானம் கோவில் நடை அடைத்த பிறகு தெருவே சோறு தின்றுவிட்டு உறங்கும். இரண்டு மணிக்கு மேல்தான் ரெக்கார்டிங். அவள் உள்ளே, அவன் வெளியே கம்ப்யூட்டரில். அவன் ஒரு பட்டனை அழுத்திப் பேசினால்தான் கூடத்துச் சத்தம் அவள் ஹெட்ஃபோனுக்கு வரும், விட்டால் போய்விடும்.

ஏன் இந்தப் பாடு என்று கேட்கலாம். ஆசை, வேறென்ன. கரமனை அக்ரகாரத்தில் பிறந்து, பஜனை மடத்துக் கல் தரையில் பாடிப் பாடி வளர்ந்த குரல் அவளுடையது. முப்பத்துமூன்று வயது வரை ஜாதகம் பொருந்தவில்லை. அப்பா போன பிறகு அண்ணா வீட்டில், மன்னி போட்ட சோறு. அந்தச் சமயத்தில்தான் நவராத்திரிக்குப் பாடக் கேட்டுவிட்டு ஹரிநாராயணன் பெண் கேட்டு வந்தான். முதல் பெண்டாட்டி பத்மஜா மூச்சிழுப்பில் செத்து இரண்டு வருஷம். அவளும் பாடுவாளாம். "பத்துப் பாட்டு பாடு. ஆற்றுகால் பொங்காலைக்கு முன்னே வெளியே விடறேன். அன்னிக்கு ஊரெல்லாம் பொங்கல் அடுப்பு எரியறச்சே ஒவ்வொரு முக்கிலும் உன் குரல் கேக்கும்" என்றான். நகை வேண்டாம், புடவை வேண்டாம், இந்த ஒரு வாக்கியத்துக்கு அவள் கழுத்தை நீட்டினாள். "பாத்துக்கோடி, பேய்க்கு வாக்கப்பட்டா புளியமரத்துலே ஏறித்தான் ஆகணும்" என்று மன்னி சிரித்தாள். மன்னி அதை வேடிக்கையாகத்தான் சொன்னாள்.

ஒன்பது பாட்டு முடிந்துவிட்டது. பத்தாவது ஒரு தாலாட்டு, தேவியைத் தூங்கப் பண்ணுகிற பாட்டு. வியாழக்கிழமை எல்லாவற்றையும் அனுப்பியாக வேண்டும். அன்றைக்குத் திங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரிவர்ப் வேண்டும் என்று கேட்டு வாங்கினது அவளேதான். கல்லில் பட்டுத் திரும்பி வருகிற தன் குரலைக் கேட்டே பழகினவள். மெத்தைக்குள் பாடினால் வாயில் துணி அடைத்த மாதிரி இருந்தது, சுருதி வழுக்கியது. முதல் நாளே, "கொஞ்சம் கூட்டுங்கோ" என்றாள். கூட்டினான். குரலைச் சுற்றி ஒரு அறை விரிந்தது. சின்ன அறைதான், ஆனால் மொட்டைச் சுவர், குரல் போய்ப் போய்த் திரும்பியது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. ஒவ்வொரு பாட்டுக்கும், "இன்னும் கொஞ்சம்" என்று கேட்டாள். பாவி மகள், கேட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை அவள், "இன்னிக்கு ரிவர்ப் வேண்டாம்" என்றாள்.

"சுருதி நிக்காதே உனக்கு."

"நிக்கும்."

நிற்கவில்லை. இருட்டில், பஞ்சு நாற்றத்திலும் பாச்சை உருண்டை நெடியிலும் நின்றுகொண்டு தாலாட்டின் முதல் வரியை எடுத்தாள். மேல் ஸ்தாயிக்குப் போகும்போது குரல் ஒரு நூல் இறங்கியது. "மறுபடி" என்றான். பாடினாள். "மறுபடி." ஏழாவது தடவைக்கு மேல் எண்ணிக்கை விட்டுப் போயிற்று. வேர்வை முதுகில் ஓடி இடுப்பில் தங்கியது. நாக்கு ஒட்டிக்கொண்டது.

"கதவைத் தொறங்கோ. ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு வரேன்."

"சுருதி சேரட்டும். கதவு தொறக்கறது என் கையிலே இல்லே, கொழந்தே. உன் தொண்டையிலேயாக்கும்."

அப்புறம் அவன் பட்டனை விட்டுவிட்டான். ஹெட்ஃபோனில் எதுவும் இல்லை. ஐந்து நிமிஷமா, அரை மணியா, அவளுக்குத் தெரியவில்லை. அவளுடைய ரத்தம் காதில் ஓடுகிற சத்தம்கூட அந்த மெத்தைகளுக்குள் போய்ச் செத்தது. இருக்கிறானா, எழுந்து போய்விட்டானா என்று தெரியாமல் இருட்டில் நிற்பதைவிட எதுவும் மேல் என்று தோன்றியது. அவளே வாயைத் திறந்து, "சரி, ரிவர்ப் போடுங்கோ" என்றாள்.

"அப்பிடி வா" என்றான் உடனே. அவன் அங்கேயேதான் இருந்திருக்கிறான்.

கார்வை வந்தது. அறை விரிந்தது. "கண் வளராய், அம்மே, கண் வளராய்" என்று அவள் எடுத்த வரி கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. அவளுக்கே உடம்பு புல்லரித்தது. பாட்டு முடிந்தது. எண்ணத் தொடங்கினாள். ஒன்று. இரண்டு. அந்த மூச்சு வந்தது. நேற்றையதைவிடப் பக்கத்தில், ஈரமாக, மார்ச்சளியின் கீச்சு சன்னமாகக் கலந்து. அதற்குப் பின்னால், கார்வையின் வால் தேய்ந்து மறைகிற இடத்தில், மரத்தில் கை படுகிற சத்தம்.

டக். டக். டக். டக்.

ஒரு நிறுத்தம். மறுபடி நாலு.

ஹெட்ஃபோனைப் பிடுங்கினாள். ஒன்றுமில்லை, மெத்தைகளின் மௌனம். ஆனால் ஒரு வாசனை இருந்தது. கற்பூராதி தைலம், நெஞ்சு அடைத்துக்கொண்டால் சூடு பண்ணித் தடவுவார்களே, அது. அந்த வீட்டில் அவள் வந்த நாளாக யாரும் தைலம் தடவவில்லை.

"இது ஓகே" என்று கழற்றின ஹெட்ஃபோன் அவள் கைக்குள் முனகியது. "ஆனா கடைசியிலே ஹெட்ஃபோனைக் கழட்டினது பதிஞ்சுடுத்து. நாளைக்கு எடுப்போம்."

கதவு திறந்தது. அவன் மோர் குடிக்க அடுக்களைக்குப் போனபோது அவள் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தாள். ரிவர்ப் பெட்டி திறந்தே கிடந்தது. அதில் ஒரு பட்டியல், எல்லாம் இடங்களின் பெயர். பஜனை மடம். குளப்படி. மாடிப்படி. அதன் கீழே, பத்மா கதவு 1, பத்மா கதவு 2 என்று ஒன்பது வரை. எல்லாவற்றுக்கும் கீழே, பத்மா கதவு கடைசி. நீலக்கோடு அதன் மேல் நின்றது. இத்தனை நாளாக அவள் காதில் விரிந்த அறை அதுதான்.

"பாத்துட்டியா?" ஹரிநாராயணன் டம்ளரோடு பின்னால் நின்றான். கோபிக்கவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தான், ஒரு நல்ல பொருளைக் காட்டுகிறவன் மாதிரி. "கடையிலே கிடைக்கற ரிவர்ப் எல்லாம் வெறும் தகரம். நான் சொந்தமாய் எடுப்பேன். ஒரு அறைக்குள்ளே ஒரு தட்டு தட்டினா போறும், அந்த அறை எப்பிடித் திரும்பப் பேசறதோ அதை அப்பிடியே எடுத்து வெச்சுக்கலாம். அப்பறம் யார் பாடினாலும் அந்த அறைக்குள்ளே நின்னு பாடறா மாதிரியாக்கும். எல்லாரும் கையைத் தட்டி எடுப்பா. கைத்தட்டுலே உயிரில்லே. கதவைத் தட்டறதிலே இருக்கு. அதுவும் நிஜமாத் தட்டணும்."

"இது எந்த அறை?"

"இதேதான். அப்போ மெத்தை அடிக்கலே, மொட்டைச் சுவர். என்ன ஒரு ரூம் தெரியுமோ!"

"மெத்தை எப்போ அடிச்சேள்?"

"அவ போனப்பறம்."

"கடைசின்னு ஏன் பேர்?"

"கடைசின்னா கடைசி" என்று சிரித்தான். "அன்னிக்குச் சாயங்காலம் அவளுக்கு ஸுகமில்லாம ஆயிடுத்தே. பின்னே எங்கே எடுக்கறது?" டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவள் நெற்றி வேர்வையைத் தன் வேஷ்டித் தலைப்பால் ஒற்றி எடுத்தான். "பேடிக்காதே, பயப்பட ஒண்ணுமில்லே. நாளையோட முடிஞ்சுடும்."

புதன்கிழமை காலையில் கொல்லையில் உலகம்மை பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். பாறசாலைப் பக்கத்துக்காரி, பதினோரு வருஷமாக அந்த வீட்டில் பாத்திரமும் துணியும் அவள் கை. தேங்காய்நாரில் சாம்பலைத் தொட்டு, மடியில் பிள்ளையைப் போட்டுக்கொண்ட மாதிரி பெரிய உருளியைச் சாய்த்து வைத்துத் தேய்ப்பாள். விஷ்ணுப்ரியா துளசி மாடத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, பத்மஜா எப்படி இருப்பாள் என்று கேட்டாள்.

"மூத்தம்மாவா? தங்கமாக்கும். அவியளும் இப்பிடித்தான், உச்சை கழிஞ்சா பாட்டு ரூமுக்குள்ள கேறுவாவ. பாட்டு நமக்குத் தெளிவாக் கேக்காதும்மா. தாளம்தான் கேக்கும். கதவுல டக்கு டக்குன்னு. சாரு சொன்னாரு, பத்மா தாளம் போடுகா, உலகம்மேன்னு. எனக்கு வெளக்க நல்ல உதவி பாத்துக்கிடுங்க. அந்தத் தாளத்துக்குக் கூடச் சேந்து தேச்சா கை நோவே தெரியாது."

விஷ்ணுப்ரியா துளசி மாடத்து விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"கடைசி நாளு ரொம்ப நேரம் போட்டாவ. முதல்ல நல்ல வேகம். பின்ன பைய. பின்ன இன்னும் பைய. பின்ன நின்னு போச்சு. சரி, பாட்டு முடிஞ்சுட்டு போலன்னு உருளியக் கமத்தி வச்சிட்டு நான் போனேன். அன்னைக்குச் சாயந்திரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதாட்டு கேட்டேன்." உலகம்மை புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என்ன சிரத்தை பாருங்கம்மா. சாகப் போற நாளும் பாட்டு!"

சொல்ல வாயெடுத்தாள் விஷ்ணுப்ரியா. அது தாளமில்லை உலகம்மை, அது தாளமில்லை. நிமிர்ந்தால் அடுக்களை நிலையில் சாய்ந்துகொண்டு ஹரிநாராயணன் காப்பி குடித்துக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றானோ.

"இன்னிக்கு மூணு மணி வரைக்கும் இரு உலகம்மை" என்று மட்டும் சொன்னாள். "பொங்காலை வருதில்லையா. அண்டா, உருளி எல்லாம் எடுத்துப் போட்டு விளக்கிடு."

"இருக்கட்டுமே" என்றான் ஹரிநாராயணன். "நல்லதுதான்."

பன்னிரண்டு மணிக்கு அவள் வாசலில் நின்றாள். செருப்பைக்கூட மாட்டிவிட்டாள். தெருமுனை தாண்டினால் கிழக்கேகோட்டை, ஒரு பஸ், கால் மணியில் கரமனை. போயிருக்கலாம். பட்டப்பகலில் தெருவில் நடந்து போகிறவளை யார் தடுக்க முடியும்? ஆனால் மன்னி கதவைத் திறந்துவிட்டு, அவள் கையில் இருக்கும் பையைத்தான் முதலில் பார்ப்பாள். ஒன்பது பாட்டும் அவன் கம்ப்யூட்டரில் கிடக்கிறது. ஒன்பது பாட்டு! இந்த ஜென்மத்தில் அவள் செய்த ஒரே காரியம் அது. இன்னும் ஒன்று, ஒன்றே ஒன்று. கொல்லையில் உலகம்மை இருக்கிறாள். ரிவர்ப் இல்லாமல் பாடிவிட்டால் அந்த மூச்சுக்காரியும் வரமாட்டாள். என்ன ஆகிவிடும்?

செருப்பைக் கழற்றினாள். அந்தச் செருப்பை அவள் கழற்றாமல் இருந்திருந்தால் என்று நினைத்தாலே வயிறு எரிகிறது.

இரண்டு மணிக்கு உள்ளே போனாள். பட்டை விழுந்தது. இருட்டு. ஹெட்ஃபோனில் வெறும் தம்பூரா சுருதி. "ரிவர்ப் வேண்டாம்" என்றாள். "உன் இஷ்டம்" என்றான்.

பாடினாள். கல் மண்டபம் இல்லை, திரும்பி வருகிற குரல் இல்லை, கைப்பிடி இல்லாத படிக்கட்டில் இறங்குகிற மாதிரி ஒவ்வொரு ஸ்வரத்தையும் காலால் தேடித் தேடி வைத்தாள். வைத்த இடத்தில் நின்றது. மேல் ஸ்தாயிக்குப் போனபோது குரல் இறங்கவில்லை. முப்பத்துமூன்று வருஷத்தில் அவள் அப்படிப் பாடினதில்லை. தன் சொந்தக் குரல் இன்னதென்று அன்றைக்குத்தான் அவளுக்கே தெரிந்தது. கடைசி வரி முடிந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. மூச்சு எதுவும் வரவில்லை. யாரும் இல்லை. அவள் கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"அருமை" என்றான் ஹரிநாராயணன். அவன் குரலும் தழுதழுத்தது, நிஜமாகவே. "பொங்காலை அன்னிக்கு ஊர் முழுக்க நீதான்."

"கதவைத் தொறங்கோ."

"தொறக்கலாம். ஒரே ஒரு வேலை பாக்கி. உன் ரூமை எடுத்துக்கணும்."

"என்னது?"

"பத்மா ரூம் பழசாயிடுத்து. நீயே இன்னிக்கு வேண்டாம்னுட்டே. அடுத்து வரவளுக்கு நல்லதா ஒண்ணு வேண்டாமா? சுவருக்குத்தான் மெத்தை, கதவு மரம், பேசும்." ஹெட்ஃபோனுக்குள் அந்தக் குரல் இதமாக இருந்தது. "கதவைத் தட்டு, கொழந்தே. அவசரமில்லே. நிஜமாத் தட்டறவரைக்கும் நான் இங்கேயே இருக்கேன்."

அவள் கத்தினாள். உலகம்மை என்று கத்தினாள். அம்மா என்று கத்தினாள். மெத்தைகள் குடித்தன. நாலு சுவரும் கூரையும் அவள் கத்தலைப் பஞ்சுக்குள் வாங்கிக்கொண்டு ஒரு துளி திருப்பித் தரவில்லை.

"குரலை வீணாக்காதே. கதவு போறும்."

அவன் பட்டனை விடவில்லை. மறந்தானோ, வேண்டுமென்றுதானோ. கூடத்து மின்விசிறி கேட்டது. கடிகாரம் கேட்டது. அதற்கும் அப்பால், கொல்லையில், நார் உருளியில் தேய்கிற சத்தம். சர். சர். சர். மூணு மணி வரைக்கும் இருக்கச் சொன்னபடியே உலகம்மை இருக்கிறாள்.

கதவில் மட்டும் மெத்தை கிடையாது. மரம் பேசும். மரம் கொல்லை வரை பேசும். அவள் முஷ்டியை மடக்கிக் குத்தினாள்.

டக். டக். டக். டக்.

தேய்ப்பு நின்றது.

கடவுளே. கேட்டுவிட்டது. மறுபடி குத்தினாள். டக். டக். டக். டக்.

மைக்கை விட்டு விலகி, கொல்லைப் பக்கம் திரும்பி அவன் சொல்வது கேட்டது. "ஒண்ணுமில்லே உலகம்மை. தாளம் போடறா."

"ஓ" என்றாள் உலகம்மை. "நல்லதாட்டு."

சர். சர். சர். சர். அவள் தட்டுக்குச் சரியாக.

விஷ்ணுப்ரியா கையை நிறுத்தினாள். நிறுத்தினால் பாட்டு முடிந்தது என்று அர்த்தம். உருளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு உலகம்மை போய்விடுவாள். தட்டினாலோ தாளம். அப்படியானால் ஒரே வழிதான். தாளத்தை உடைக்க வேண்டும். பாட்டில்லை இது, ஒரு பொம்பளை சாகிறாள் என்று எந்தக் காதுக்கும் விளங்குகிற மாதிரி, கோணலாக, பைத்தியம் மாதிரி தட்ட வேண்டும். ஹெட்ஃபோனை இடது காதில் மட்டும் விட்டுக்கொண்டு, இடது உள்ளங்கையைக் கதவில் ஊன்றி, வலது கையால் தட்டினாள். இரண்டு. நிறுத்தி, ஒன்று. நிறுத்தி, மூன்று. நிறுத்தினாள்.

கொல்லையில் நார் தடுமாறியது. சர், சர், என்று இழுத்து, நின்றது. கேட்கிறாள். உலகம்மை காதைக் கொடுத்துக் கேட்கிறாள்.

டக்.

தட்டியது விஷ்ணுப்ரியா இல்லை.

ஹெட்ஃபோனில் இல்லை. இடது உள்ளங்கையில் அதிர்ந்தது. மரத்தில். பக்கத்தில்.

தைலம். மூக்கை அடைக்கிற அளவுக்குத் தைலம்.

அவள் விட்ட இடத்தில் ஒரு தட்டு. அவள் இடறின இடத்தில் இரண்டு. எங்கே கோணினாளோ அங்கே மற்றக் கை வந்து நிரப்பியது. நாலு. ஒரு நிறுத்தம். நாலு. ஒரு நிறுத்தம். தப்பே இல்லை. வருஷக்கணக்காகத் தட்டிப் பழகின கை.

கொல்லையில் தேய்ப்பு மறுபடி தொடங்கியது. சர். சர். சர். சர்.

"ரெண்டு கையாலேயா தட்டறே?" என்றான் ஹரிநாராயணன். அவனுக்கும் கேட்டிருக்கிறது. "நன்னாயிருக்கே! அப்பிடியே போகட்டும்."

"விடு" என்றாள் விஷ்ணுப்ரியா இருட்டைப் பார்த்து. "பத்மஜா, விட்டுடு. அவளுக்குக் கேக்கட்டும். உன்னைக் கும்பிடறேன்."

டக். டக். டக். டக்.

காற்று தீர்ந்துகொண்டிருந்தது. நெஞ்சுக்குள் கீச்சென்று ஒரு விசில். அவளுக்கு இழுப்பு கிடையாது. பிறந்ததிலிருந்து கிடையாது. கை பைய விழுந்தது. மற்றக் கையும் கூடவே பைய விழுந்தது. கொல்லையில் நாரும் பைய. இன்னும் பைய. கடைசியாக ஒரு குத்து குத்தக் கையை ஓங்கினாள். ஓங்கின கை கதவுக்குப் போகவில்லை.

வேறொரு கை அவள் முஷ்டியை மூடிக்கொண்டது. சில்லென்று, எண்ணெய் வழுக்க. முரட்டுத்தனம் இல்லை. தாளம் தப்புகிற சிஷ்யையின் கையை வாத்தியார் பிடித்து நிறுத்துவாரே, அந்தப் பிடி.

பாட்டு முடிந்த பிறகு அசையக்கூடாது.

ஒன்று.

கொல்லையில் தேய்ப்பு நின்றது.

இரண்டு.

உருளியைக் கவிழ்த்து வைக்கிற சத்தம்.

மூன்று.

கொல்லைக் கதவு கிரீச்சிட்டுச் சாத்திக்கொண்டது.

மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில், ஹெட்ஃபோன் இல்லாத வலது காதுக்குப் பக்கத்தில், பிடித்த கையை விடாமலே மற்றவள் மூச்சை உள்ளே இழுத்தாள். இந்தத் தடவை வரியும் வந்தது.

"கண் வளராய், அம்மே, கண் வளராய்..."